சுமாராகப் பாடுங்கள், பிள்ளைகளா

நன்றாகப் பாடினால் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மோசமாகப் பாடினால் என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆகவே எல்லாப் பிள்ளைகளும் சுமாராகப் பாடிவிட்டால் யாருக்கும் ஆபத்தில்லை. மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், பிள்ளைகளின் பாட்டு விழாவுக்குப் பொறுப்பாக இருந்த நான் இதை முழு மனதோடு நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பயிற்சியும் கொடுத்தேன்.

சின்னப் பையனாக இருந்தபோது நடந்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். மீசை இருந்தது, மனைவி இருந்தாள், முன்மண்டையில் முடி குறையத் தொடங்கியிருந்தது. புத்தி மட்டும்தான் இன்னும் வந்து சேரவில்லை. ஐம்பதை எட்டிப் பார்க்கும் இந்த வயதிலும் வந்துவிட்டது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

போருக்கு முன்பு நான் அந்தத் தோட்டத்தில் கிராணி. விடிகாலையில் வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுவது, ரப்பர்ப் பால் நிறுப்பது, ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது. வெள்ளைக்கார துரை சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிய பிறகு ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. ரப்பரை வாங்க ஆளில்லை. கால்சட்டை போட்டுக்கொண்டு நிழலில் நின்று மற்றவர்களை வேலை வாங்கிய நான், அதே மற்றவர்களோடு சேர்ந்து மரவள்ளி நட்டேன். என் கிழங்குகள் சுண்டுவிரல் பருமனுக்கு மேல் வளர மறுத்தன. "கிராணி ஐயா நட்டதுல்ல, அதுவும் நெழல்ல நின்னு வேலை வாங்குது" என்று தொழிலாளர் லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

விழா யோசனை என்னுடையது அல்ல, டிரெஸருடையது. டிரெஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். டாக்டர் எப்போதாவது வந்து போன தோட்டத்தில் அவர்தான் எங்களுக்கு டாக்டர். ஹார்மோனியம் வாசிப்பார். போருக்கு முன்பு, கோயில் திருவிழாவை ஒட்டிப் பிள்ளைகளைப் பாட வைப்போம். சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்து பாடுவார்கள். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து அது நின்றுபோயிருந்தது.

"பிள்ளைங்களுக்குக் குடுக்க எங்கிட்ட காய்ச்சலுக்குக் கொய்னாவும் இல்ல, மீன் எண்ணெயும் இல்ல கிராணி" என்றார் ஒருநாள். "சும்மா குந்திக்கிட்டுப் பசியையே நெனச்சிக்கிட்டு இருக்குதுங்க. பாடவாவது வைப்போம்."

"பாடினா பசி அடங்கிடுமா?"

"அடங்காது. வாய் வேற வேலையில இருக்கும்ல."

கூட்டம் கூட வேண்டுமானால் அனுமதி வேண்டும். டயருக்குப் பதில் ரப்பர்க் குழாயைச் சுற்றிய சைக்கிளில், எலும்பெல்லாம் தனித்தனியாக ஆட, இரண்டு பேரும் டவுனுக்குப் போனோம். அங்கே இருந்த ஜப்பானிய அதிகாரி ஒல்லியாக, மஞ்சள் பூத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் நீளமான வாள். அவர் வாளைச் சுமக்கிறாரா, வாள் அவரைச் சுமக்கிறதா என்று சொல்ல முடியாது. பக்கத்தில் ஃபார்மோசாத் தீவிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளன் நின்றான். எங்களிடம் கடைத்தெரு மலாயில் பேசினான். டிரெஸர் மரியாதையாகக் குனிந்தார். நான் குனிந்த குனிவில் சட்டைப்பையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. அதை எடுக்க இன்னொரு தடவை குனிந்தேன். அதையும் மரியாதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

அதிகாரி ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளன், "துவான் விழாவுக்கு வருவார். எல்லாப் பிள்ளைகளும் வரணும். அரிசி குடுப்பார்" என்றான். துவான் என்றால் மலாயில் துரை. வெளியே வரும்போது பின்னாலிருந்து இன்னொரு வார்த்தையும் வந்தது: "நல்லாப் பாடுற பிள்ளைய துவான் பார்க்கணுமாம்."

டிரெஸரின் காதில் அரிசி விழுந்தது. வழியெல்லாம் அரிசியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். என் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

என் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கொஞ்ச காலத்துக்கு முன்புதான், இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று ஆட்களைக் கூப்பிட்டார்கள். தலை சீவி, சட்டை மாட்டிக்கொண்டு போனவர்களைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போட என்றார்கள். எங்கள் லயத்திலிருந்தும் போனவர்கள் உண்டு. அதில் ஒருவனுக்குக் கைக்குழந்தை ஒன்று, பன்னிரண்டு வயதில் பெண் ஒன்று. அந்தப் பெண்தான் எங்கள் விழாவின் நம்பிக்கை. அவள் லயத்தின் ஒரு கோடியில் பாடினால், மறுகோடியில் சண்டை போடுகிறவர்கள் நிறுத்திக் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

படம் காட்டுகிறேன் என்று அப்பனைக் கூட்டிப்போனவர்கள், அரிசி கொடுக்கிறேன் என்று மகளைக் கூட்டிப்போக மாட்டார்களா? விழாவையே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஜப்பானிய அதிகாரி வருகிறேன் என்று சொன்ன விழாவை நிறுத்திவிட்டோம் என்று போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். டிரெஸருக்கு ஆஸ்பத்திரி வேலை இருக்கும். அந்த ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன். ஆகவே இரவு முழுக்கப் புரண்டு, மேலே சொன்ன திட்டத்தைக் கண்டுபிடித்தேன்.

சுமாராகப் பாடுவது லேசான காரியம் இல்லை என்பது பயிற்சியில்தான் தெரிந்தது. பாட வராதவர்களை மேலே தூக்க முடியவில்லை. பாட வருகிறவர்களைக் கீழே இறக்க முடியவில்லை. ஆட்டுக்குட்டி கத்துவதுபோலப் பாடும் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். முந்தைய விழாக்களில் அவர்களைக் கடைசி வரிசைக்கும் கடைசியில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்வோம். இந்த முறை முதல் பாட்டே அவர்களுக்குத்தான் என்றேன். அவர்களுடைய அம்மா ஆனந்தத்தில் அழுதுவிட்டாள்.

மிருதங்கத்தில் வேறு சிக்கல். இடப்பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து அப்பினால்தான் அது கும்மென்று பேசும். ரவையைக் கண்ணால் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது. மரவள்ளி மாவைப் பிசைந்து அப்பினோம். நன்றாகத்தான் பேசியது. ஆனால் பாட்டு பாதியில் இருக்கும்போது மிருதங்கம் ஊமையாகிவிடும். திரும்பிப் பார்த்தால், வாசிக்கும் பையனின் வாய் அசைந்துகொண்டிருக்கும். சுமாராக வாசிப்பதற்கு அவனுக்கு மட்டும் நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெண்தான் என் திட்டத்துக்கு அடங்கவில்லை. சொன்னதைச் செய்யாதவள் அல்ல. "சுருதியக் கொஞ்சம் விடும்மா" என்றால் விடுவாள். விட்ட இடத்தில் வேறொரு ராகம் வந்து நிற்கும். "பாதிக் குரல்ல பாடு" என்றால் பாடுவாள். அது அடுத்த அறையில் யாரோ தனக்காகப் பாடிக்கொள்வதுபோல இருக்கும். எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஹார்மோனியத்தை மூடிவிட்டு டிரெஸர் சொன்னார்: "கிராணி, நீங்களே பாடிடுங்களேன். அதுதான் சரியான அளவு."

மறுநாள் அவளுடைய அம்மா என்னைத் தேடி மரவள்ளிக் கொல்லைக்கு வந்தாள். மரத்தில் பால் வெட்டுகிறவள். போருக்கு முன்பு என்னை 'ஐயா' என்பாள். ஒரே வரப்பில் குனிய ஆரம்பித்த பிறகு நான் 'அண்ணே' ஆகியிருந்தேன்.

"அண்ணே, எம்பொண்ண நல்லாப் பாடாதன்னு சொன்னீங்களாமே."

"நல்லாப் பாடாதன்னு சொல்லலம்மா. ரொம்ப நல்லாப் பாடாதன்னு சொன்னேன்."

"ஏன்?"

சொன்னேன். குரலைத் தாழ்த்தி, சுற்றுமுற்றும் பார்த்து, பெரிய ராஜதந்திரம்போலச் சொன்னேன். அவள் இடுப்புக் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நல்லாப் பாடுறவங்களத்தான் ஏத்திக்கிட்டுப் போவாங்களா?"

"அப்படித்தான் தோணுது."

"இதுங்கப்பாவுக்குப் பாட்டே வராது அண்ணே. சாமி கும்பிடுறப்ப நீ மனசுக்குள்ள பாடு போதும்னு பூசாரியே சொல்லுவாரு. அவரையும்தான் ஏத்திக்கிட்டுப் போனாங்க."

ஒரு கிழங்குச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். சுண்டுவிரல்.

"வயித்துல அரிசி பட்டு எம்புட்டு நாளாச்சு" என்றாள். "அது பாடட்டும். எப்படி வருதோ அப்படிப் பாடட்டும். நான் கோயில் பின்வாசல்ல நிப்பேன். லாரி கீரி வந்து ஒரு மாதிரி தெரிஞ்சிச்சின்னா, இழுத்துக்கிட்டு ரப்பர்க் காட்டுக்குள்ள பூந்துடுவேன்." போகிறவள் நின்று திரும்பினாள். "நீங்க எப்படியும் எனக்கு முன்னாடி அங்க இருப்பீங்க."

அடுத்த பிரச்சினை நாற்காலி. அதிகாரியை எங்கே உட்கார வைப்பது? பள்ளிக்கூடத்து பெஞ்சியில் உட்கார வைத்தால் மரியாதைக் குறைவு. பூட்டிக் கிடந்த துரை பங்களாவிலிருந்து சாய்வு நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னேன். காலை நீட்டி வைத்துக்கொள்ளக் கைகள் நீண்டிருக்குமே, பிரம்பு பின்னியது, அது.

"அதுல உக்காந்து முழிச்சிருந்த மனுசன நான் பார்த்ததில்ல" என்றார் டிரெஸர்.

"தூங்கினாத் தூங்கட்டும். மரியாதை குறையக் கூடாது" என்றேன். அந்த விழாவுக்காக நான் எடுத்த முடிவுகளில் உருப்படியானது அது ஒன்றுதான். அதையும் தெரியாமல்தான் எடுத்தேன்.

இரவில் விளக்கு ஏற்றக் கூடாது என்பதால் மத்தியானமே விழா. கோயில் மண்டபம் தகரக் கூரை போட்டது. மூன்று பக்கம் இடுப்பளவுச் சுவர், பின்வாசலைத் தாண்டினால் ரப்பர் மரங்கள். பிள்ளைகள் எண்ணெய் இல்லாத தலையைத் தண்ணீர் வைத்துப் படிய வாரி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மா குழந்தையோடு பின்வாசலில் நின்றாள். நான் அவளுக்கும் பின்வாசலுக்கும் நடுவில் இடம் பிடித்திருந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முன்னால் போனேன்.

அதிகாரி வந்தார். லாரியில் வந்தார். பின்பக்கம் முழுக்க கான்வாஸ் போர்த்திய பெரிய லாரி. மண்டபத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு சிப்பாய்கள் இறங்கி அதன் பக்கத்திலேயே நின்றார்கள்.

"லாரி" என்றேன் டிரெஸரிடம்.

"எனக்கும் கண்ணு தெரியுது கிராணி."

"பின்னால ஏன் மூடியிருக்கு?"

"வெயிலுக்கு இருக்கும் லா."

"வெயிலுக்கா? உள்ள ஏத்தப்போற யார் மேல வெயில் படக் கூடாதுன்னு?"

"வாய மூடுங்க. கும்பிடச் சொல்றாங்க."

எந்தக் கூட்டமானாலும் முதலில் எல்லோரும் கிழக்கே திரும்பி ஜப்பான் சக்கரவர்த்திக்குக் குனிய வேண்டும். எங்கள் அம்மன் கிழக்கு பார்த்தவள். அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தோம். "அவளும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் நிக்கிறா, கோவிச்சிக்க மாட்டா" என்று டிரெஸர் குனிந்தபடியே முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்த தலைக்கு நேர் எதிரே லாரியின் சக்கரங்கள் தெரிந்தன.

அதிகாரி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். வாளை மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டுக்குட்டி அண்ணன் தம்பி தொடங்கினார்கள். அவர்களுக்கு முதல் வரிசை கிடைத்த சந்தோஷத்தில், வாழ்க்கையில் முதல்முறையாகச் சுமாராகப் பாடினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்து ஒரு குழு. அதுவும் சுமார். மிருதங்கம் பாதியில் ஊமையானது. எல்லாம் திட்டப்படி போய்க்கொண்டிருந்தது. அதிகாரியைத் திரும்பிப் பார்த்தேன். தொப்பி மூக்கின் மேல் இறங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

பாட்டு முடிந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். அதிகாரி துள்ளி எழுந்தார். கை வாளின் பிடிக்குப் போனது. சிவந்த கண்களால் சுற்றிலும் பார்த்தார். மொழிபெயர்ப்பாளன் என் விலாவில் குத்தி, "ஜாங்ஙான் பெர்ஹென்தி, நிறுத்தாதே, பாடச் சொல்லு" என்றான். கையைக் காட்டினேன், அடுத்த பிள்ளைகள் பதறிப்போய்ப் பாடினார்கள். அதிகாரியின் கண்கள் மறுபடி மூடின.

மொழிபெயர்ப்பாளன் என் காதருகே வந்தான். "துவானுக்கு மலேரியாக் காய்ச்சல். ராத்திரி தூக்கமே இல்ல. தூங்காம எல்லாரையும் அறையறாரு. இப்பத்தான் தூங்கறாரு. பாட்டு நின்னா முழிச்சுக்குவாரு. முழிச்சா உன்னை அறைவாரு."

"என்னையா? ஏன் என்னை?"

"நீதானே கிட்ட நிக்கிற."

கை தட்டக் கூடாது என்று சைகையில் சொன்னோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் ஜனங்கள் சத்தம் வராமல் காற்றில் கையை ஆட்டினார்கள். ஒரு பாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டே அடுத்த பாட்டு ஏறியது. லாபிஸ் பக்கம் போகும் ரயில் விசில் ஊதிக்கொண்டு போனது, அதிகாரி அசையவில்லை. ஒரு சின்னப் பெண் வரி மறந்து மூச்சு வாங்கினாள். உடனே அவருடைய விரல்கள் வாளைத் தேடின.

என் திட்டத்தின் ஓட்டை அப்போதுதான் தெரிந்தது. சுமாரான பாட்டு நீளமாக இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சின்னதாக ஒரே பாட்டுதான் கொடுத்திருந்தேன். எல்லாம் தீர்ந்துவிட்டது. மீதியிருந்தது அந்தப் பெண் மட்டும். லாரிக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அவளைத்தான் கடைசியில் வைத்திருந்தேன். அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"எப்படிப் பாடணும் மாமா? சுமாராவா?"

"உனக்கு எப்படி வருதோ அப்படிப் பாடும்மா. நிறுத்தாமப் பாடு."

அவள் பின்வாசலைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள்.

அவள் பாடினாள். அதை விவரிக்க எனக்குத் தகுதி இல்லை. அவள் குரலைப் பாதியாக அறுக்கச் சொன்னவன் நான். சாமி பாட்டு பாடினாள். பால் வெட்டுக்காரர்கள் மரத்துக்கு மரம் பாடிக்கொண்டு போகும் பாட்டு பாடினாள். நடவுப் பாட்டு பாடினாள். அவள் பாட்டு எங்கே போனாலும் டிரெஸர் ஹார்மோனியத்தோடு பின்னாலேயே ஓடினார். லாரிப் பக்கம் நின்ற சிப்பாய்கள் இடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அவர்கள் அவளையே பார்ப்பதைப் பார்த்து எனக்கு வேர்த்தது. வெயில் தகரத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. பயந்துகொண்டே தூங்க முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். தூணில் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் தூங்கியிருக்கிறேன்.

கண் விழித்தபோது அவள் தம்பிக்குப் பாடும் தாலாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். குரல் கம்மியிருந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எச்சில் விழுங்கினாள். கொடுக்கத் தண்ணீர் எடுத்து வைக்க வேண்டும் என்று விழாப் பொறுப்பாளர்கள் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. பின்வாசலிலிருந்து அம்மா நகர்ந்தாள். கோயில் செம்பில் தண்ணீர் மொண்டு, உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு வந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் குடிக்கும்வரை அந்தத் தாலாட்டை அம்மா பிடித்துக்கொண்டாள். மகளுக்குக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. பின்வாசல் காலியாகக் கிடந்தது.

அப்போதுதான் அதிகாரி விழித்தார். இந்த முறை துள்ளவில்லை. தானாகவே கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். பாட்டு நின்றது. அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளன் என்னிடம் சொன்னான்: "பாடினது யார்னு துவான் கேக்கறாரு."

"செமுவா, துவான்" என்றேன். எல்லாரும்தான் என்று அர்த்தம். "செமுவா, செமுவா" என்று இன்னும் இரண்டு தடவை சொன்னேன். கையை வீசி எல்லாரையும் சுற்றிக் காட்டினேன். அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. கையில் செம்போடு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். சிப்பாய்களிடம் ஒரு வார்த்தை சொன்னார். அவர்கள் லாரியின் பின்பக்கம் போய் கான்வாஸை அவிழ்த்தார்கள்.

அம்மா எழுந்துவிட்டாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ஆனால் பின்வாசலுக்கும் அவளுக்கும் நடுவே மண்டபம் நிறையப் பிள்ளைகள்.

நான் பின்வாசலில் நின்றிருந்தேன். எப்படி வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. வெறுங்கையோடு வரவில்லை, ஒரு பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தேன். குனிந்து பார்த்தால் மிருதங்கக்காரப் பையன். வாய் அசைந்துகொண்டிருந்தது.

சிப்பாய்கள் இறக்கியது ஓர் அரிசி மூட்டை. லாரியில் வேறு எதுவும் இல்லை. அதிகாரி அந்தப் பெண்ணைப் பார்த்து லேசாகத் தலை குனிந்துவிட்டு, ஏறிப் போய்விட்டார். அரிசியில், கெடாமலிருக்கக் கலந்த சுண்ணாம்பின் வாடை அடித்தது. பலமுறை களைந்து, கோயில் அண்டாவில் கஞ்சி வைத்தோம். இருட்டுவதற்குள் பிள்ளைகள் குடித்துவிட்டு அவரவர் லயத்துக்கு நடந்து போனார்கள். அந்தப் பெண்ணும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.